ஒரு விநாடியில் பன்னிரண்டு கோடிப் புள்ளிகள்

சினிமாத் திரையில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் படங்களைக் காமிரா முன்பே பிடித்து வைத்துவிட்டது. திரையரங்கில் நடப்பதெல்லாம் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் வேலைதான். கணிப்பொறி விளையாட்டில் நிலைமை வேறு. நீங்கள் வண்டியை இடப்பக்கம் திருப்புவீர்களா, வலப்பக்கம் திருப்புவீர்களா என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே அடுத்த படம் எங்கும் தயாராக இல்லை. நீங்கள் விசையை அழுத்திய பிறகுதான் அது பிறக்க வேண்டும். அதுவும் கணக்குப் போட்டுத்தான் பிறக்க வேண்டும்.

அந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே கணிப்பொறிக்குள் செருகப்படும் உறுப்புக்குக் கிராபிக்ஸ் கார்டு என்று பெயர். தமிழில் வரைகலை அட்டை எனலாம். ஆனால் கடையில் போய் அப்படிக் கேட்டால் படம் வரையும் அட்டையை எடுத்து நீட்டுவார்கள்! நாமும் கார்டு என்றே சொல்வோம். ஒரு கணிப்பொறிக்கு ஆகும் செலவில் பெரும்பங்கை இந்த ஒரு கார்டே விழுங்கிவிடும். பல வீடுகளில் அது பெற்றோரின் பல மாதச் சேமிப்பு.

விளையாடவும் வேண்டும், விளையாடுவதை அதே நேரத்தில் இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பவும் வேண்டும், எந்தக் கார்டு வாங்கலாம் என்று மாணவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடும். ஆனால் அந்தப் பெயர் அடுத்த ஆண்டே பழசாகிவிடும். அதைவிடத் தொல்லையானது, ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுவதும் உண்டு. ஆகவே பெட்டியின் மேல் உள்ள பெயரைச் சற்று மறந்துவிட்டு, கணக்கைப் பிடித்துக்கொண்டு போவோம். பெருக்கல், வகுத்தல், வாட், ஆம்பியர் ஆகியவை தெரிந்திருந்தால் போதும்.

திரையிலிருந்து தொடங்குவோம்

இன்று பரவலாக உள்ள மானிட்டரில் குறுக்கே 1920 புள்ளிகள், மேலிருந்து கீழாக 1080 வரிகள். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். மறுபடி பெருக்குங்கள்: 12,44,16,000. அதாவது ஒரு விநாடியில் பன்னிரண்டு கோடியே நாற்பத்து நான்கு லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்கப்பட வேண்டும். ஒரு முழுப் படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடி. கண் இமைப்பதற்குள் ஐந்தாறு படங்கள் முடிந்துவிட வேண்டும்.

விநாடிக்கு 144 முறை புதுப்பிக்கும் மானிட்டர்களும் உள்ளன. அவற்றுக்கு ஏறத்தாழ 30 கோடிப் புள்ளிகள். ஒரு படத்துக்கு 6.9 மில்லி விநாடிதான். 4-கே என்று சொல்லப்படும் 3840 × 2160 திரையில் புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. அங்கே விநாடிக்கு 60 படம் என்றாலே 50 கோடியை நெருங்குகிறோம்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. கார்டு வாங்கப் போகிறவர் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது கார்டைப் பற்றியதே அன்று. தம் மேசை மேலிருக்கும் மானிட்டரைப் பற்றியது. 60 முறை மட்டும் புதுப்பிக்கும் மானிட்டருக்கு 200 படம் தரும் கார்டை மாட்டினால், மிஞ்சிய படங்கள் முழுமையாகக் கண்ணுக்கு வந்து சேர்வதில்லை. (விசையை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் உள்ள தாமதம் சிறிது குறையும். போட்டியில் விளையாடுவோருக்கு அது பயன்படலாம். மற்றவர்கள் அதற்காகப் பணத்தை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை.)

சரி, ஒரு புள்ளியின் நிறம் எப்படிக் கணக்கிடப்படுகிறது? விளையாட்டில் வரும் மனிதன், மரம், மலை எல்லாம் உண்மையில் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனவை. முதலில் ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளும் பார்ப்பவரின் கோணத்துக்கு ஏற்பச் சுழற்றி நகர்த்தப்படுகின்றன. பிறகு அந்த முக்கோணம் திரையில் எந்தெந்தப் புள்ளிகளை மூடுகிறது என்று பார்க்கப்படும். அதன்பின் ஒளி. காலை வெயில் சாய்ந்து விழுவதால் தரை மங்கலாகவும், நண்பகல் வெயில் நேராக விழுவதால் பளிச்சென்றும் இருக்கிறது அல்லவா? ஒளிக்கதிருக்கும் பரப்பின் செங்குத்துக் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைன் மதிப்பைப் பொறுத்தே பரப்பு பெறும் ஒளி அமைகிறது. 1760-இல் லாம்பர்ட் என்ற அறிஞர் வெளியிட்ட நூலில் இந்த விதி இருக்கிறது. அவருக்கு மின்சாரமே பழக்கமில்லை. இன்று அவருடைய விதி ஒவ்வொரு கார்டிலும் விநாடிக்குப் பல கோடி முறை செயல்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. திரையின் ஒரு மூலையிலுள்ள புள்ளியின் நிறத்தைக் கணக்கிட, மறு மூலையிலுள்ள புள்ளியின் விடை தேவையில்லை. எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் கணக்கிடலாம். கிராபிக்ஸ் கார்டு என்ற பொருள் உண்டானதே இந்த ஒரு வசதியால்தான்.

நடவு வயலும் நாற்றுக்கட்டும்

கணிப்பொறியின் மூளையான பிராசசர் மிகவும் கெட்டிக்காரக் கணக்கப்பிள்ளை போன்றது. எவ்வளவு சிக்கலான கணக்கையும் வரிசையாகப் போட்டு முடிக்கும். ஆனால் நாற்று நட ஒரு கணக்கப்பிள்ளை போதுமா? அங்கே வேண்டியது நூறு நடவுப் பெண்கள். ஒருவர் நடும் வரிசை மற்றவருக்குத் தடையில்லை. பொழுது சாய்வதற்குள் வயல் பச்சையாகிவிடும். கார்டு இத்தகைய நடவுக் கூட்டம். 1999-இல் என்விடியா நிறுவனம் தன் ஜீஃபோர்ஸ் 256 கார்டை விற்றபோது இதைக் கிராபிக்ஸ் பிராசசர் என்று தனிப் பெயரிட்டே அழைக்கத் தொடங்கியது.

உதாரணமாக 2021-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டை எடுத்துக்கொள்வோம். அதில் 3584 சிறு கணக்குப் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு துடிப்புக்கு ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் என இரண்டு செயல்களைச் செய்யும். விநாடிக்குச் சுமார் 178 கோடித் துடிப்புகள். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 12.7 லட்சம் கோடிச் செயல்கள். இதை நம்முடைய 12.44 கோடிப் புள்ளிகளால் வகுத்துப் பாருங்கள். ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் செயல்கள் செய்யும் வல்லமை! ஒரே ஒரு புள்ளிக்கு ஒரு லட்சமா என்று வியப்பாக இருக்கிறது. நிழல், நீரில் தெரியும் பிம்பம், புகை, கண்ணாடி என்று சேர்க்கச் சேர்க்க இதுவும் போதாமல் போகிறது.

ஆனால் இது தாளில் போட்ட கணக்கு. நூறு பெண்கள் வயலில் இறங்கி நின்றாலும், நாற்றுக்கட்டு வந்து சேராவிட்டால் என்ன ஆகும்? கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கூலி மட்டும் ஓடும். கார்டுக்கு நாற்றுக்கட்டு என்பது அதன் நினைவகத்திலிருந்து வரும் தகவல்: முக்கோணங்களின் இருப்பிடம், சுவரின் செங்கல் படம், முகத்தின் தோல் படம் முதலியவை. அவை வரும் வேகம் இரண்டைப் பொறுத்தது. நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையே எத்தனை இணைத் தடங்கள் உள்ளன என்பது ஒன்று. ஒவ்வொரு தடத்திலும் விநாடிக்கு எத்தனை பிட் ஓடுகிறது என்பது மற்றொன்று. இரண்டையும் பெருக்கி, ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் எட்டால் வகுத்தால் விடை கிடைக்கும்.

நாம் எடுத்துக்கொண்ட 3060 கார்டில் 192 தடங்கள், தடத்துக்கு 15 ஜிகாபிட். ஆகவே விநாடிக்கு 360 ஜிகாபைட். இந்தக் கார்டில் 12 ஜிகாபைட் நினைவகம் இருந்தது. 2022-இன் பிற்பகுதியில் அதே 3060 என்ற பெயரில் 8 ஜிகாபைட் நினைவகமுள்ள மற்றொரு கார்டு வந்தது. கடையில் கேட்டால், "கொஞ்சம் நினைவகம் கம்மி, அவ்வளவுதான்" என்பார்கள். அவ்வளவுதானா? இதில் தடங்களும் 128 ஆகக் குறைந்துவிட்டன. கணக்குப் போடுங்கள்: 240 ஜிகாபைட். நடவுக்காரர்கள் அதே 3584 பேர். நாற்றுக்கட்டின் வரவோ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

இதைவிடக் கடுமையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2017-இல் ஜி.டி. 1030 என்ற மலிவு விலைக் கார்டு வந்தது. அதன் நினைவக வேகம் விநாடிக்கு 48 ஜிகாபைட். அடுத்த ஆண்டே அதே பெயரில், வேறு வகை நினைவகத்துடன் இன்னொன்று வந்தது. அதன் வேகம் 16.8 ஜிகாபைட். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! நம் 12.44 கோடிப் புள்ளிகளால் வகுத்தால், முதலாவதில் ஒரு புள்ளிக்கு 386 பைட் கிடைக்கும். இரண்டாவதில் 135 பைட்டுதான். பெயர் என்னவோ இரண்டுக்கும் ஒன்றே. விவரச் சீட்டில் நினைவகத்தின் வகை எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்தவர் தப்பினார். பெயரை மட்டும் படித்தவர் மாட்டிக்கொண்டார். மலிவு விலைக் கார்டை வாங்குகிறவர்தான் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிப் பார்த்து வாங்குகிறவர். அவரிடத்தில் இப்படி நடந்துகொள்வது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

இந்த வேகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. 2023-இல் வந்த 4060 கார்டின் வேகம் 272 ஜிகாபைட். பழைய 3060-ஐவிடக் குறைவு. ஆயினும் பெரும்பாலான விளையாட்டுகளில் அது முந்துகிறது. காரணம், சில்லுக்குள்ளேயே 24 மெகாபைட் அளவுக்கு ஒரு சிறு சேமிப்பிடம் வைத்திருக்கிறார்கள். முந்தியதில் இது 3 மெகாபைட்டாக இருந்தது. அடிக்கடி வேண்டிய நாற்றை மடியிலேயே முடிந்து வைத்துக்கொண்டதைப் போல. 2025-இல் வந்த 5060-இலும் அதே 128 தடங்கள்தாம். ஆனால் தடத்துக்கு 28 ஜிகாபிட் ஓடுவதால் 448 ஜிகாபைட் கிடைக்கிறது. ஆகவே ஒரே தலைமுறைக் கார்டுகளை ஒப்பிடும்போதுதான் இந்த எண் நேராகப் பேசும். தலைமுறை மாறினால், நீங்கள் ஆடும் விளையாட்டில், உங்கள் திரை அளவில், விநாடிக்கு எத்தனை படம் வந்தது என்று யாராவது அளந்து காட்டியதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த அளவீட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு விநாடியில் 59 படங்கள் ஒவ்வொன்றும் 10 மில்லி விநாடியில் வந்தன. கடைசி ஒரு படம் மட்டும் 410 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் சரியாக ஒரு விநாடி. சராசரி? விநாடிக்கு 60 படம். பார்ப்பதற்கு அழகான எண். ஆனால் ஆடியவருக்கோ ஏறத்தாழ அரை விநாடி திரை உறைந்து நின்றது. அதற்குள் அவருடைய வண்டி பள்ளத்தில் விழுந்திருக்கும். எனவே சராசரியோடு, மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்குப் படங்களின் வேகத்தையும் தருகிற சோதனையையே நம்புங்கள்.

இப்படித் திடீரென உறைவதற்குப் பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறைதான் காரணம். கார்டின் சொந்த நினைவகம், வரப்பின் மேல் குவித்து வைத்த நாற்று. அது தீர்ந்துவிட்டால் ஊருக்கு அப்பாலுள்ள நாற்றங்காலுக்கு, அதாவது கணிப்பொறியின் பொது நினைவகத்துக்கு, ஆள் அனுப்ப வேண்டும். 4060 கார்டுக்கு அந்த வழியில் விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட்தான் வர முடியும். சொந்த நினைவகத்தின் 272-உடன் ஒப்பிட்டால் பதினேழில் ஒரு பங்கு. பழைய மதர்போர்டாக இருந்தால் அதிலும் பாதி. அண்மைக் காலப் பெரிய விளையாட்டுகள் சில, படத்தரத்தை உச்சத்தில் வைத்தால் 1080 வரித் திரையிலேயே 8 ஜிகாபைட்டைத் தாண்டிவிடுகின்றன. படத்தரத்தை ஒரு படி குறைத்தால் அடங்கிவிடும். குறைக்க மனமிருந்தால் 8 போதும். மனமில்லையென்றால் 12 அல்லது 16 ஜிகாபைட் உள்ளதைப் பாருங்கள்.

நேரலைக்கு வேறோர் உறுப்பு

இதுவரை விளையாட்டைப் பற்றித்தான் பேசினோம். நேரலை என்பது முற்றிலும் வேறு வேலை. ஒரு புள்ளிக்கு 24 பிட் என்று கொண்டால், 1080 வரிப் படத்தை விநாடிக்கு 60 வீதம் அப்படியே அனுப்புவதற்கு விநாடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட் தேவை. வீட்டு இணைப்பில் வழக்கமாக அனுப்பப்படுவதோ 6 மெகாபிட், அதாவது 60 லட்சம் பிட். ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும்! இது எப்படி இயலும்? அடுத்தடுத்த இரு படங்களில் பெரும்பகுதி அதுவேதான். சற்று நகர்ந்திருக்கும், அவ்வளவே. எனவே முழுப் படத்தையும் அனுப்பாமல், எந்தத் துண்டு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது, எது புதிதாக வந்தது என்பதை மட்டும் அனுப்புகிறார்கள். மறுமுனையில் உள்ளவரின் கணிப்பொறி அதைக் கொண்டு படத்தை மீண்டும் கட்டிக்கொள்கிறது.

இந்தச் சுருக்கும் வேலையைப் பிராசசரிடம் கொடுத்தால், விளையாட்டுக்காக ஓடிக்கொண்டிருக்கும் அதன் தலையில் இரண்டாவது மூட்டையை ஏற்றியதாகும். ஆகையால் கார்டின் சில்லிலேயே ஒரு மூலையில் இதற்கென்று தனிச் சுற்று அமைத்திருக்கிறார்கள். என்கோடர் என்பது அதன் பெயர். என்விடியா கார்டுகளில் 2012 முதல் இது உண்டு. நடவுப் பெண்கள் ஒருபுறம் நட்டுக்கொண்டிருக்க, வரப்பில் ஒருவர் தனியே உட்கார்ந்து கணக்கு எழுதுவது போல. நடவு அதிகம் தடைப்படாது.

ஆனால் எல்லாக் கார்டிலும் இந்தச் சுற்று இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மேலே சொன்ன ஜி.டி. 1030-இல் இது கிடையாது. ஏ.எம்.டி. நிறுவனம் 2022 ஜனவரியில் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யிலும் கிடையாது. இரண்டாவது கார்டு எளிய விளையாட்டுகளை நன்றாகவே ஓட்டும். நேரலைக்கு மட்டும் துணை வராது. பெட்டியின் மேல் இல்லாததைப் பற்றி யாரும் அச்சிடுவதில்லை. நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

என் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன் இதில் சிக்கிக்கொண்டான். அவனுடைய தந்தை தையற்கடை வைத்திருக்கிறார். தீபாவளித் தையலில் வந்த பணத்தில் மகனுக்குக் கார்டு வாங்கிக் கொடுத்தார். அவன் தன் விளையாட்டை நேரலையில் காட்டத் தொடங்கியதும் எல்லாம் தடுமாறியது. "கடையில எல்லாம் ஓடும்னு சொன்னாங்க சார்" என்றான். எந்தக் கடை, எந்தக் கார்டு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். "விவரச் சீட்டைப் பார்த்தியாப்பா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. கார்டைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவனுடைய பெரிய கவலை.

நல்லவேளையாக ஒரு வழி இருந்தது. அவனுடைய கணிப்பொறியில் இருந்தது இன்டெல் பிராசசர். 2011 முதல் இன்டெல் பிராசசர்களுக்குள் உள்ள சிறிய கிராபிக்ஸ் பகுதியில் ஓர் என்கோடர் சேர்க்கப்பட்டு வருகிறது. (பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து வரும் பிராசசர்களில் அந்தக் கிராபிக்ஸ் பகுதியே இல்லை, அவற்றில் இது பயன்படாது.) நேரலைக்குப் பயன்படும் ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில், எந்த என்கோடர் என்ற இடத்தில் இதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். நேரலை ஓடிவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 6 மெகாபிட் என்பது நீங்கள் அனுப்பும் வேகம். பெறும் வேகம் அன்று. இணைப்பு விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ளது பெரும்பாலும் பெறும் வேகமே. ஒரு மணி நேர நேரலைக்கு 2.7 ஜிகாபைட் செலவாகும். கைப்பேசி இணைப்பை நம்பியிருப்பவருக்கு, எந்தக் கார்டு என்பதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இது.

வாட்டும் வெயிலும்

3060 கார்டு 170 வாட் திறன் எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட்டில் ஓடுவதால் மின்னோட்டம் 14 ஆம்பியருக்கு மேல். உங்கள் வீட்டுக் குழல் விளக்கு எடுப்பது ஓர் ஆம்பியரில் ஒரு பகுதிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். செருகும் இடத்திலிருந்து அதிகபட்சம் 75 வாட்தான் வரும். மீதி, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வழியே வர வேண்டும். ஆறு ஊசி இணைப்பு 75 வாட்டுக்கும், எட்டு ஊசி இணைப்பு 150 வாட்டுக்கும் ஆனது. பழைய கணிப்பொறியில் இருக்கும் பெயரில்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு இதை மாட்டிவிடாதீர்கள். அதன் பக்கவாட்டில் ஒட்டியுள்ள சீட்டில் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அந்த எண்ணே இல்லையென்றால், கார்டுக்கு முன் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றுங்கள். இந்தக் கார்டுக்கு 550 வாட் மின்வழங்கியைத் தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார். இதில் மிச்சம் பிடித்தால் கார்டு, மதர்போர்டு இரண்டுமே கருகும் ஆபத்து உண்டு.

எடுத்த மின்திறன் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். 4060 கார்டின் மொத்தத் திறன் 115 வாட். அதில் 100 வாட் சில்லில் மட்டும் செலவாகிறது எனக் கொண்டால், சில்லின் பரப்பு 159 சதுர மில்லி மீட்டர்தான். ஏறத்தாழ ஓர் அஞ்சல் தலையின் பாதியிலும் குறைவு. சதுர மில்லி மீட்டருக்கு 0.6 வாட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்பை 200 சதுர சென்டி மீட்டர் என்று கொண்டால் அதில் 0.05 வாட்தான் வருகிறது. இஸ்திரிப் பெட்டியைவிடப் பன்னிரண்டு மடங்கு செறிவு! இந்த வெப்பம் வெளியேறும் வேகம், சில்லுக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 25 டிகிரி அறையில் சில்லை 80 டிகிரியில் வைத்திருந்தால் வேறுபாடு 55. நம் ஊரில் சித்திரை மாதத்து மொட்டைமாடி அறையில் 40 டிகிரி இருக்கும். வேறுபாடு 40 ஆகச் சுருங்கிவிடும். குளிரூட்டிய அறையில் சோதித்து, "சத்தமே இல்லை" என்று எழுதப்பட்ட கார்டு இங்கே இரைவதற்குக் காரணம் இதுதான். இரட்டை விசிறி, பெரிய வெப்பத் தகடு ஆகியவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். பெட்டியில் ஒளிரும் வண்ண விளக்குகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

மடிக்கணினி வாங்குவோருக்கும் இங்கே ஒரு செய்தி இருக்கிறது. சில்லின் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடியையும் துடிப்பின் அதிர்வெண்ணையும் பெருக்கிய அளவுக்கு ஏற்ப மாறும். இரண்டையும் பத்து சதவீதம் குறைத்தால் 0.9 × 0.9 × 0.9, அதாவது 0.73. வேகத்தில் பத்தில் ஒரு பங்கை இழந்து, வெப்பத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிடலாம். மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள். மடிக்கணினிக்கான 4060 சில்லை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்து விற்கலாம். இரண்டு மடிக்கணினிகளிலும் ஒரே பெயர்ச் சீட்டுத்தான் ஒட்டியிருக்கும். விவரத்தில் வாட் எண் கொடுத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

பழைய கார்டு வாங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஈதர் என்னும் மறையீட்டு நாணயத்தை உண்டாக்க இரவும் பகலும் ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டதும் சந்தைக்குக் குவியலாக வந்தன. அவை எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால் ஒரு மணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டி, வெப்பநிலையையும் விசிறிச் சத்தத்தையும் நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டியதே இல்லை.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார்டு இருந்து, அது போதவில்லை என்று தோன்றினால், கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கமாக ஆடும் இடத்தில் நின்று விநாடிக்கு எத்தனை படம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளையாட்டின் அமைப்பில் திரை அளவை 1280 × 720 ஆகக் குறையுங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்பதில் நான்கு பங்காகிவிடும். படங்களின் எண்ணிக்கை விர்ரென்று ஏறினால், தடை கார்டில்தான். புதியது வாங்கினால் பலன் உண்டு. அசையாமல் அதே எண்ணில் நின்றால், புள்ளிக் கணக்கு போடுகிறவர் சும்மா இருக்கிறார், கணக்கப்பிள்ளைதான் திணறுகிறார் என்று பொருள். அப்படியானால் மாற்ற வேண்டியது பிராசசரை. மதர்போர்டு ஏற்றுக்கொள்ளுமானால், கார்டுக்கென எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதியே அதற்குப் போதும்.